மனசு ஒன்று சொல்கிறது, கணக்கு வேறு சொல்கிறது: முடிவெடுக்க ஒரு வழி

கையில் ஒரு ஆஃபர் லெட்டர் இருக்கிறது. இப்போது வாங்குவதைவிட 30 சதவீதம் அதிகச் சம்பளம், நல்ல பெயருள்ள கம்பெனி, வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம், ஆனால் உங்களுக்கு மட்டும் உள்ளுக்குள் ஏதோ உறுத்துகிறது. இல்லையென்றால் நேர்மாறாக, ஒரு மனை பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள், அங்கே கால் வைத்ததுமே "இதுதான்" என்று மனசு சொல்லிவிட்டது, ஆனால் பத்திரத்தைப் புரட்டிய வக்கீல் உதட்டைப் பிதுக்குகிறார். இந்த மாதிரி நேரத்தில் பாதிப் பேர் "மனசு சொல்றதைக் கேளு" என்பார்கள், மீதிப் பேர் "உணர்ச்சிவசப்படாம யோசி" என்பார்கள். இரண்டுமே அரைகுறை அறிவுரை. எந்த விஷயத்தில் மனசை நம்பலாம், எதில் நம்பக் கூடாது, இரண்டையும் எந்த வரிசையில் கேட்க வேண்டும் என்பதைத்தான் நாம் பழகிக்கொள்ள வேண்டும். பழகிக்கொள்ள முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன், அதற்கான வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தக் குரல் எங்கே பழகி வந்தது?

அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுவதைப் பாருங்கள். புதிதாகச் செய்கிறவர் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, அதில் பாகை ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டி, உருண்டை பிடிக்கிறதா கரைகிறதா என்று நாலைந்து தடவை சோதிப்பார். வருஷக்கணக்கில் சுட்டுப் பழகிய பாட்டி, கரண்டியைத் தூக்கி ஊற்றும்போது பாகு விழுகிற விதத்தையும் நுரையின் அளவையும் வைத்தே அடுப்பை அணைத்துவிடுவார். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் "தெரியும்டி" என்பதோடு சரி. பதம் முறுகினால் அதிரசம் கல்லாகிவிடும், பதம் போதாவிட்டால் எண்ணெயில் பிரிந்து போய்விடும், தப்பு எதுவாக இருந்தாலும் உடனுக்குடன் கண்ணுக்குத் தெரிந்துவிடும். இத்தனை வருஷத் தப்பும் சரியும் சேர்ந்துதான் அந்தத் "தெரியும்" உருவாகியிருக்கிறது.

உள்ளுணர்வு என்று நாம் சொல்வதில் நம்பத்தகுந்த பகுதி எல்லாம் இப்படி வந்ததுதான். அமெரிக்க உளவியலாளர் கேரி கிளைன், தீயணைப்பு அதிகாரிகள் நெருக்கடியில் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று 1980களிலிருந்து ஆராய்ந்தவர். அவர் பதிவு செய்த சம்பவங்களில் ஒன்று எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. மாடியில்லாத ஒரு வீட்டில், பின்பக்கச் சமையலறையில் தீ. அதிகாரி தன் ஆட்களோடு உள்ளே போய்த் தண்ணீர் அடிக்கிறார், தீ அடங்குவதாக இல்லை, மறுபடி அடிக்கிறார், அப்போதும் அப்படியே. ஹாலில் நின்றவருக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது, காரணம் தெரியவில்லை, எல்லாரையும் வெளியே வரச் சொல்லிவிட்டார். வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் அவர்கள் நின்றிருந்த தரையே இடிந்து விழுந்தது. தீயின் மூலம் கீழே நிலவறையில் இருந்திருக்கிறது, அப்படி ஒரு அறை இருப்பதே அவருக்குத் தெரியாது. தனக்கு ஏதோ அபூர்வ சக்தி இருப்பதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். கிளைன் பொறுமையாகக் கேட்டுக் கேட்டு வெளியே கொண்டுவந்தது வேறு: ஒரு சமையலறைத் தீக்கு ஹாலில் அவ்வளவு சூடு இருந்திருக்கக் கூடாது, அவ்வளவு சூடு இருந்தால் சத்தமும் அதற்கேற்ப இருந்திருக்க வேண்டும், இரண்டும் பொருந்தவில்லை. நடுவிலிருந்த தரை சத்தத்தை அமுக்கியிருந்தது. அவர் பார்த்த நூற்றுக்கணக்கான தீயோடு இந்தத் தீ ஒத்துப்போகவில்லை என்பதை, வார்த்தை வருவதற்கு முன்பே அவர் மூளை கவனித்துவிட்டது.

இதற்கு எதிர் முகாமில் இருந்தவர் டேனியல் கானெமன். மனித யூகங்கள் எங்கெல்லாம் சறுக்கும் என்பதையே ஆராய்ந்து, 2002இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வாங்கிய உளவியலாளர். இவரும் கிளைனும் ஒருவரை ஒருவர் தாக்கி எழுதுவதற்குப் பதிலாகப் பல வருஷம் சேர்ந்து பேசி, 2009இல் ஒரு கட்டுரையைக் கூட்டாக வெளியிட்டார்கள். அதில் ஒத்துக்கொண்ட விஷயத்தை நம் வாழ்க்கைக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அந்தத் துறையில் நிலையான ஒழுங்கு இருக்க வேண்டும், அந்த ஒழுங்கை நீங்கள் திரும்பத் திரும்பச் சந்தித்து, சரியா தப்பா என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பும் கிடைத்திருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் உள்ளுணர்வுக்கு மதிப்பு உண்டு. இன்னொன்றும் சொன்னார்கள்: ஒருவருக்கு எவ்வளவு உறுதியாகத் தோன்றுகிறது என்பதை வைத்து அது சரி என்று முடிவு கட்ட முடியாது. இந்தக் கடைசி விஷயத்தைத்தான் நாம் அடிக்கடி மறக்கிறோம். "எனக்கு அவ்வளவு ஸ்ட்ராங்கா தோணுது" என்பதையே ஆதாரமாகக் காட்டுகிறோம்.

ஆகவே மனசு ஒன்று சொன்னதும் முதலில் அதனிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த மாதிரி விஷயத்தை நான் இதற்கு முன் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்? ஒவ்வொரு தடவையும் முடிவு என்ன ஆனது என்று எனக்குத் தெரிய வந்ததா? தெரிய வர எவ்வளவு நாள் ஆனது? பத்து வருஷம் பைக் ரிப்பேர் செய்தவர் இன்ஜின் சத்தத்தைக் கேட்டதும் ஒன்று சொன்னால் நம்பலாம். குறைமாதக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அனுபவமுள்ள செவிலியர் "இந்தக் குழந்தைக்கு ஏதோ சரியில்லை" என்றால் டாக்டரை உடனே கூப்பிட வேண்டும். அதே செவிலியர் ஒரு பங்கின் விலை அடுத்த மாதம் ஏறும் என்று தனக்குத் தோன்றுவதாகச் சொன்னால் அதற்கு ஒரு மதிப்பும் கிடையாது, பங்குச்சந்தை தரகர் சொன்னாலும் பெரிய மதிப்பு கிடையாது, ஏனென்றால் அங்கே பழகிக்கொள்ள நிலையான ஒழுங்கே இல்லை.

ஒரே முடிவுக்குள்ளேயே இது கலந்து வரும் என்பதையும் கவனியுங்கள். ஏழெட்டு வருஷம் நாலு மேலாளர்களிடம் வேலை பார்த்தவருக்கு, இன்டர்வியூவில் எதிரே உட்கார்ந்திருந்தவர் எப்படிப்பட்ட ஆள் என்பதில் வரும் உறுத்தல் ஓரளவு பழகிய உறுத்தல். அந்தக் கம்பெனி மூன்று வருஷம் கழித்து எப்படி இருக்கும் என்பதில் வரும் உணர்வு அப்படி இல்லை, அது விளம்பரத்திலிருந்தும் வந்திருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரர் பேச்சிலிருந்தும் வந்திருக்கலாம். முதல் உணர்வுக்குக் காது கொடுங்கள், இரண்டாவதற்கு ஆதாரம் கேளுங்கள்.

உணர்ச்சியே இல்லாமல் முடிவெடுக்க முடியுமா?

முடியாது. நரம்பியல் நிபுணர் அன்டோனியோ டமாசியோ 1990களில் எழுதிய ஒரு நோயாளியைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள், எலியட் என்று புனைபெயர். மூளையின் முன்பகுதியில் இருந்த கட்டியை அறுவை சிகிச்சை செய்து எடுத்தபோது அங்கிருந்த திசுவும் சேதமாகியிருந்தது. அதற்குப் பிறகும் அவருடைய அறிவுத்திறன் சோதனை முடிவுகள் நன்றாகவே இருந்தன, நினைவாற்றல் இருந்தது, பேச்சு தெளிவாக இருந்தது. ஆனால் எதையும் உணரும் தன்மை மங்கிப்போயிருந்தது, அதோடு சேர்ந்து முடிவெடுக்கும் திறனும் போய்விட்டது. சின்ன வேலையில்கூட எதை முதலில் செய்வது என்று மணிக்கணக்கில் அலசிக்கொண்டிருப்பார். வேலை போனது, பணம் போனது, திருமணம் முறிந்தது. எல்லா வழிகளையும் அவரால் அலச முடிந்தது, ஆனால் எதுவும் அவருக்கு மற்றதைவிட முக்கியமாகப் படவில்லை.

"நான் லாஜிக்கா மட்டும்தான் யோசிப்பேன்" என்று சொல்கிறவர்கள் இதை ஒரு தடவை யோசித்துப் பார்க்க வேண்டும். எது முக்கியம் என்ற எடை உணர்விலிருந்துதான் வருகிறது, கணக்கு அந்த எடையை வைத்துத்தான் ஓடுகிறது.

வரிசை: முதலில் தகவல், கடைசியில் மனசு

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

1950களின் நடுவில், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த கானெமனுக்கு இஸ்ரேல் ராணுவத்தில் ஒரு வேலை கொடுத்தார்கள். புதிதாகச் சேருகிறவர்களை நேர்காணல் செய்யும் முறை சரியாக இல்லை, அதைச் சீர்படுத்த வேண்டும். அதுவரை நேர்காணல் செய்கிறவர் பத்து இருபது நிமிஷம் பொதுவாகப் பேசிவிட்டு, ஆள் தேறுவாரா என்று மனசுக்குப் பட்டதை எழுதிவிடுவார், அந்த மதிப்பீடு பிற்பாடு பெரும்பாலும் பொய்த்துப்போனது. கானெமன் ஆறு குணங்களைப் பிரித்துக் கொடுத்தார், பொறுப்புணர்வு, பழகும் தன்மை என்பது போல. ஒவ்வொன்றுக்கும் நடந்த விஷயங்களை மட்டும் கேட்டு, 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். நேர்காணல் செய்தவர்களுக்குக் கோபம், எங்களை இயந்திரம் ஆக்குகிறீர்கள் என்றார்கள். அவர்களுக்காக ஒன்றைச் சேர்த்தார்: ஆறுக்கும் மதிப்பெண் போட்டு முடித்த பிறகு கண்ணை மூடி, அந்த இளைஞனை ஒரு சிப்பாயாக மனதில் கற்பனை செய்து பார்த்து, மனசுக்குப் பட்ட ஒரு மதிப்பெண்ணைப் போடுங்கள். பின்னால் சோதித்தபோது, ஆறு மதிப்பெண்களின் கூட்டுத்தொகை எவ்வளவு சரியாக இருந்ததோ, கண்ணை மூடிப் போட்ட மதிப்பெண்ணும் ஏறக்குறைய அவ்வளவு சரியாக இருந்தது. பழைய முறையில் பொய்த்த அதே மனசு, தகவலை ஒழுங்காகச் சேகரித்த பிறகு கேட்டபோது உருப்படியாகச் சொன்னது.

இதை அந்த ஆஃபருக்குப் பொருத்திப் பார்க்கலாம். ஒரு நோட்டில் ஆறு தலைப்பு எழுதுங்கள்: தினமும் செய்யப்போகும் வேலை, யாரிடம் வேலை பார்க்கப்போகிறீர்கள், கைக்கு வரும் பணம், போக வர ஆகும் நேரம், புதிதாகக் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது, வீட்டுக்கு மிச்சப்படும் நேரம். உங்கள் நிலைமைக்கு வேறு தலைப்பு பொருந்தினால் மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் ஆறேழுக்கு மேல் போகாதீர்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக, மற்றதை யோசிக்காமல், விசாரித்துவிட்டு மதிப்பெண் போடுங்கள். விசாரித்துவிட்டு என்பதை அழுத்திச் சொல்கிறேன். சம்பளம் என்றால் ஆஃபர் லெட்டரில் உள்ள சிடிசி தொகை, அதாவது கம்பெனி உங்களுக்காக வருஷத்துக்குச் செய்யும் மொத்தச் செலவு, கிடையாது. அதில் கம்பெனி போடும் பிஎஃப் பங்கு, கிராஜுவிட்டி, கிடைக்குமோ கிடைக்காதோ என்றிருக்கும் வேரியபிள் பே எல்லாம் கலந்திருக்கும், அதையெல்லாம் கழித்து வரியையும் கழித்தால் மாதம் கையில் என்ன நிற்கும் என்று பாருங்கள். கோவையிலிருந்து சென்னைக்கு மாறுகிறீர்கள் என்றால் வாடகையையும் அட்வான்ஸையும் கழியுங்கள். 30 சதவீதம் என்பது சில சமயம் நாலைந்து சதவீதமாகச் சுருங்கிவிடும். பயண நேரத்தைக் கூகுள் மேப்பில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பார்க்காமல் திங்கட்கிழமை காலை எட்டரைக்குப் பாருங்கள். மேலாளரைப் பற்றி அங்கே வேலை பார்த்துவிட்டு வெளியே வந்த இரண்டு பேரிடமாவது போனில் பேசுங்கள், "எப்படி இருப்பார்" என்று கேட்டால் "நல்லவர்" என்ற பதில்தான் வரும், "ஒரு டெட்லைன் தவறினப்ப என்ன செஞ்சார்?" என்று கேளுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு நோட்டை மூடி வைத்துவிட்டு, ஒரு ராத்திரி தூங்கி எழுந்து, அந்த வேலையில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையைக் கற்பனை செய்து பாருங்கள். காலையில் கிளம்புவது, யார் பக்கத்தில் உட்கார்வது, மத்தியானம் எங்கே சாப்பிடுவது, ராத்திரி வீட்டுக்கு வரும்போது பிள்ளை தூங்கியிருக்குமா. அப்போது என்ன தோன்றுகிறதோ அதற்கு ஒரு மதிப்பெண் போடுங்கள். இந்த மதிப்பெண்ணை நான் மதிப்பேன். ஆஃபர் வந்த அன்றைக்கு வந்த உற்சாகத்தையோ பயத்தையோ மதிக்க மாட்டேன்.

உறுத்தலைக் கேள்வியாக மாற்றுவது

உடம்பு சொல்லும் சேதியில் ஒரு சிக்கல் உண்டு. ஏதோ நடக்கிறது என்று சொல்லும், எதனால் என்று சொல்லாது. 1974இல் டட்டன், ஆரன் என்ற இரு உளவியலாளர்கள் கனடாவில் வான்கூவர் அருகே உள்ள கப்பிலானோ தொங்குபாலத்தில் ஒரு ஆய்வு செய்தார்கள். ஆடும் பாலத்தின் மேல் ஒரு இளம்பெண் ஆண்களை நிறுத்திச் சில கேள்விகள் கேட்டு, மேலும் தெரிந்துகொள்ள வேண்டுமானால் கூப்பிடுங்கள் என்று போன் நம்பர் கொடுத்தார். வேறு ஒரு உறுதியான, தாழ்வான பாலத்திலும் இதையே செய்தார்கள். ஆடும் பாலத்தில் சந்தித்தவர்கள்தான் அதிகமாகப் போன் செய்தார்கள். உயரத்தால் அடித்துக்கொண்ட நெஞ்சை, அந்தப் பெண்ணால் என்று எடுத்துக்கொண்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். நமக்கும் இது நடக்கும். தூக்கமில்லாத வாரத்தில் எல்லா ஆஃபரும் ஆபத்தாகத் தெரியும், இப்போதைய மேலாளரிடம் திட்டு வாங்கிய மத்தியானத்தில் எல்லா ஆஃபரும் சொர்க்கமாகத் தெரியும்.

அதனால் உறுத்தல் வந்தால் அதற்குப் பணியவும் வேண்டாம், அதை அமுக்கவும் வேண்டாம். சரிபார்க்கக்கூடிய ஒரு கேள்வியாக மாற்றுங்கள். வரன் பார்த்துவிட்டு வந்த ராத்திரி ஒரு வீட்டில் நடக்கக்கூடிய பேச்சு இப்படி இருக்கும்:

"எனக்கு என்னவோ சரியாப் படலைடி."

"அம்மா, நீ எல்லா வரனுக்கும் இதையேதான் சொல்றே."

பொதுவாக இதோடு பேச்சு முறிந்து, ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதற்குப் பதிலாக மகள் "என்னம்மா பார்த்தே, எந்த நேரத்துல அப்படித் தோணுச்சு?" என்று கேட்டால், அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவங்கம்மா பேசும்போதெல்லாம் அந்தப் பையன் தலையை நிமிர்த்தவே இல்லை. அவன்கிட்ட என்ன வேலைன்னு கேட்டதுக்குக்கூட அவங்கதான் பதில் சொன்னாங்க" என்பார். இப்போது கையில் ஒரு விஷயம் இருக்கிறது. கூச்சமாக இருக்கலாம், அம்மாவுக்குப் பயந்தவராகவும் இருக்கலாம். பெரியவர்கள் இல்லாமல் இருவரும் ஒரு காபிக் கடையில் ஒரு மணி நேரம் பேசினால், கல்யாணத்துக்குப் பிறகு நான் வேலையைத் தொடர்வதில் உங்கள் வீட்டில் யாருக்கு என்ன கருத்து, நீங்கள் அதில் என்ன சொல்வீர்கள் என்று நேராகக் கேட்டால், பதில் தெரிந்துவிடும். நம் வீட்டுப் பெரியவர்களின் "சரியாப் படலை"யில் ரொம்ப நல்ல அவதானிப்பு ஒளிந்திருக்கும், சாதாரண முன்முடிவும் ஒளிந்திருக்கும், சாதி பற்றியோ நிறம் பற்றியோ ஊர் பற்றியோ. எந்த நேரத்தில் தோன்றியது என்று கேட்டால் இரண்டும் பிரிந்து வந்துவிடும். பார்த்த ஒன்றைச் சொன்னால் விசாரியுங்கள், "அந்த ஊர்க்காரங்களே அப்படித்தான்" என்றால் விட்டுவிடுங்கள்.

மனை விஷயத்தில் இது இன்னும் சுலபம். காற்று வருகிறது, பக்கத்தில் வேப்பமரம், மனசு நிறைந்துவிட்டது, சரி. அந்த நிறைவுக்கும் வில்லங்கச் சான்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. குறைந்தது 30 வருஷத்து வில்லங்கம் போட்டுப் பார்ப்பது, தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றைய உரிமையாளர் வரை சங்கிலி அறுபடாமல் வருகிறதா என்று பார்ப்பது, பட்டாவில் யார் பெயர், சர்வே எண்ணும் அளவும் பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா, மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றதா, இதிலெல்லாம் மனசுக்கு ஓட்டே கிடையாது. எல்லாம் சரியாக இருக்கும் இரண்டு மனைகளில் எதில் குடியிருப்பது என்று வரும்போது முழு ஓட்டும் மனசுக்குத்தான்.

அறிவும் பொய் சொல்லும்

மனசு ஏமாற்றும் என்று பேசுகிறவர்கள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. முதலிலேயே முடிவெடுத்துவிட்டு, அதற்குக் காரணம் தேடிக் கொடுக்கும் வேலையைத்தான் அறிவு பல நேரம் செய்கிறது. பட்டியலில் நன்மைகள் பத்தும் தீமைகள் இரண்டும் இருந்து, அந்த இரண்டும் உப்புச்சப்பில்லாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள், நீங்கள் எடை போடவில்லை, ஏற்கெனவே எடுத்த முடிவுக்கு வாதாடியிருக்கிறீர்கள்.

வார்த்தையில் சொல்ல வராத காரணங்களுக்கு அறிவு அநியாயம் செய்யும் என்பதும் உண்டு. உளவியலாளர் டிமதி வில்சனும் அவரோடு சேர்ந்தவர்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களை ஒரு சுவரொட்டிப் படத்தைத் தேர்ந்தெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஒரு குழு மட்டும் ஒவ்வொன்றும் ஏன் பிடிக்கிறது, ஏன் பிடிக்கவில்லை என்று முதலில் எழுத வேண்டும். சில வாரம் கழித்து விசாரித்தபோது, காரணம் எழுதிவிட்டுத் தேர்ந்தெடுத்தவர்களுக்குத் தாங்கள் எடுத்த படத்தில் திருப்தி குறைவாக இருந்தது. எளிதில் விளக்கக்கூடிய காரணம் உள்ள படத்தை அவர்கள் எடுத்திருந்தார்கள். புடவை, வீட்டுச் சுவருக்கு வண்ணம், ஓய்வு நேரத்தில் எதைக் கற்றுக்கொள்வது, இந்த மாதிரி ரசனை சம்பந்தப்பட்டவற்றில் பட்ஜெட்டை மட்டும் முடிவு செய்துகொண்டு மற்றதைக் கண்ணிடம் விட்டுவிடலாம்.

நன்மை தீமைப் பட்டியல் போடத்தான் வேண்டும் என்றால் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் சொன்ன மாதிரி போடுங்கள். வேதியியலாளர் ஜோசஃப் பிரீஸ்ட்லிக்கு ஒரு பிரபுவிடமிருந்து வேலைக்கு அழைப்பு வந்தது, போகலாமா என்று ஃபிராங்க்ளினிடம் கேட்டார். 1772 செப்டம்பரில் ஃபிராங்க்ளின் எழுதிய பதிலில், எந்த முடிவு என்று சொல்ல என்னிடம் போதிய விவரம் இல்லை, எப்படி முடிவெடுப்பது என்று வேண்டுமானால் சொல்கிறேன் என்று ஆரம்பித்து, தாளை இரண்டாகப் பிரித்து ஆதரவும் எதிர்ப்பும் எழுதச் சொன்னார். எல்லாரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அவர் மூன்று நான்கு நாள் அதைத் திறந்தே வைத்திருந்து, அவ்வப்போது தோன்றுவதைக் குறித்துக்கொள்ளச் சொன்னார், எல்லாக் காரணமும் ஒரே நேரத்தில் மனதில் நிற்பதில்லை என்பதற்காக. சமமான எடை உள்ளவற்றை இரு பக்கமும் அடித்துக்கொண்டே வரச் சொன்னதும் அதற்குப் பிறகுதான். குளிக்கும்போதும் பஸ்ஸில் போகும்போதும் திடீரென்று தோன்றும் காரணங்கள்தான் பெரும்பாலும் உண்மையான காரணங்கள், முதல் நாள் உட்கார்ந்து எழுதினால் அவை வராது. பிரீஸ்ட்லி அந்த வேலையை ஏற்றுக்கொண்டார், அங்கே இருந்தபோதுதான் 1774இல் ஆக்சிஜனைப் பிரித்தெடுத்தார்.

பூக்கட்டிப் பார்ப்பதில் உள்ள ஒரு கணம்

நம் ஊரில் முடிவு தெரியாமல் தவிக்கும்போது சாமி முன்னால் பூக்கட்டிப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். நம்பிக்கை உள்ளவர்கள் வந்ததை ஏற்றுக்கொள்வார்கள், அதில் நான் தலையிடவில்லை. நம்பிக்கை இல்லாதவர்களும் பயன்படுத்திக்கொள்ள அதில் ஒன்று உண்டு. குழந்தை பொட்டலத்தை எடுத்து, நூலைப் பிரித்து, பூ இன்னும் கண்ணில் படாத அந்த இரண்டு விநாடியில் எது வர வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது என்று கவனியுங்கள். பூவைப் பார்த்ததும் வருவது நிம்மதியா, "இன்னொரு தடவை எடுக்கலாமே" என்ற நினைப்பா? துண்டுச் சீட்டு குலுக்கினாலும் காசு சுண்டினாலும் இதேதான். உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை இது ரொம்ப நேர்மையாகச் சொல்லிவிடும். வேண்டியது நல்லதுதானா என்பதைச் சொல்லாது, அதற்கு நோட்டு இருக்கிறது.

ராமானுஜனிடமிருந்து ஒன்று

உள்ளுணர்வு என்றால் நம்மவர்கள் முதலில் சொல்லும் பெயர் ராமானுஜன், நாமகிரித் தாயார் கனவில் வந்து சொன்னதாக அவரே கூறியதையும் சேர்த்துச் சொல்வார்கள். சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்தபடி 1913 ஜனவரியில் அவர் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு அனுப்பிய கடிதத்தில் இருந்த சூத்திரங்களில் சில ஏற்கெனவே தெரிந்தவை, சில யாரும் கண்டிராத அற்புதங்கள். பகா எண்களின் எண்ணிக்கை பற்றி அவர் சொன்னது தவறாக இருந்தது. மூன்றும் அதே மனதிலிருந்து அதே நம்பிக்கையோடு வந்தவை. கேம்பிரிட்ஜில் ஹார்டியோடு சேர்ந்து, ஒரு எண்ணை எத்தனை விதமாகக் கூட்டலாகப் பிரிக்கலாம் என்பதற்கு 1918இல் ஒரு சூத்திரம் வெளியிட்டார். ராமானுஜனின் பாய்ச்சலும் ஹார்டியின் நிரூபணப் பிடிவாதமும் சேர்ந்தது போதாதென்று, மேஜர் மக்மஹோன் என்ற கணிதவியலாளர் 200 என்ற எண்ணுக்குத் தனியாகக் கையாலேயே கணக்குப் போட்டுக் கொடுத்தார்: 39,72,99,90,29,388. ஏறக்குறைய நான்கு லட்சம் கோடி. சூத்திரம் கொடுத்த விடையும் அதேதான். அவ்வளவு பெரிய உள்ளுணர்வையே சரிபார்த்துவிட்டுத்தான் வெளியிட்டார்கள் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், அதனால் ராமானுஜனின் பெருமை ஒரு இம்மியும் குறையவில்லை.

நமக்கு ஹார்டி யார்? நீங்கள் சொல்வதற்கு எல்லாம் தலையாட்டாத, ஆனால் உங்கள் நல்லதை விரும்பும் ஒரு ஆள். அண்ணனோ, பழைய டீச்சரோ, கூட வேலை பார்த்த அக்காவோ. முடிவைச் சொல்லிவிட்டு "இதுல எங்க ஓட்டை இருக்கு?" என்று கேளுங்கள். "நல்லாயிருக்கா?" என்று கேட்டால் நல்லாயிருக்கு என்றுதான் சொல்வார்கள்.

உள்ளுணர்வைப் பழக்குவது

பாட்டிக்குத் தப்பு உடனே தெரிந்தது, நமக்கு வேலை, உறவு, பணம் விஷயத்தில் தெரிய வருஷக்கணக்கு ஆகும். தெரிய வரும்போது "எனக்கு அப்பவே தெரியும்" என்று மனசு கதையை மாற்றிவிடும். உளவியலாளர் பாரூக் ஃபிஷ்ஹாஃப் 1975இலேயே இதைச் சோதனையில் காட்டிவிட்டார், முடிவு தெரிந்த பிறகு அது முன்கூட்டியே தெரிந்திருந்தது போலத் தோன்றும். இதற்கு மருந்து எழுதி வைப்பதுதான். ஒரு சின்ன நோட்டு போதும். பெரிய முடிவு எடுக்கும் நாளில் தேதி போட்டு, என்ன முடிவு, மனசு என்ன சொன்னது, கணக்கு என்ன சொன்னது, என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன், நூற்றுக்கு எவ்வளவு உறுதி, அன்றைக்கு உடம்பும் மனநிலையும் எப்படி இருந்தன, இவ்வளவையும் அரைப் பக்கத்தில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துப் படித்துப் பாருங்கள். கொஞ்ச காலத்தில் ஒரு உருவம் தெரிய ஆரம்பிக்கும்: ஆட்களைப் பற்றிய முதல் எண்ணம் எனக்குப் பெரும்பாலும் சரியாக இருக்கிறது, எவ்வளவு நேரத்தில் முடிப்பேன் என்ற எண்ணம் எப்போதுமே தப்பு, என்பது போல. இது யாரும் உங்களுக்குச் சொல்லித்தர முடியாத தகவல், ஆளுக்கு ஆள் மாறும்.

முடிவெடுப்பதற்கு முந்தைய நாள் இன்னொன்றும் செய்யலாம், இது முன்பு சொன்ன கேரி கிளைன் பரப்பிய முறை. ஒரு வருஷம் கழித்து இந்த முடிவு படுதோல்வி அடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், நடந்தே விட்டது. ஏன் தோற்றது என்று பத்து நிமிஷம் எழுதுங்கள். தோற்குமா என்று கேட்டால் மனசு தற்காத்துக்கொள்ளும், தோற்றாயிற்று என்று சொல்லிவிட்டால் வாய் திறந்து பேசும். கணவன் மனைவி இருவரும் தனித்தனித் தாளில் எழுதிவிட்டு மாற்றிப் படித்தால் இன்னும் நல்லது.

அவசரப்படுத்தும் இடங்களில் மட்டும் மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம், நிறுத்திவிடுங்கள். "இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள அட்வான்ஸ் போடலைன்னா வேற பார்ட்டிக்குப் போயிடும்" என்கிற புரோக்கர், இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்கிற வாட்ஸ்அப் குழு, போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் மிரட்டுகிறவன், எல்லாருக்கும் உங்கள் யோசனை வேலை செய்வதற்குள் காரியம் முடிய வேண்டும். யாராவது அவசரப்படுத்தினால் ஒரு ராத்திரி தள்ளிப்போடுவது என்று இப்போதே, அமைதியாக இருக்கும்போதே, வீட்டில் எல்லாரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பணம் ஏற்கெனவே போய்விட்டது என்றால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

முடிவெடுத்தாயிற்று என்றால் நோட்டில் கடைசியாக இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்: இந்த முடிவை மறுபடி எடுத்துப் பார்க்கும் தேதி, அதற்கு முன்பாகவே எடுத்துப் பார்க்க வைக்கக்கூடிய சம்பவங்கள். வேலை என்றால் சேர்ந்த ஆறாவது மாதம், அல்லது சம்பளம் இரண்டு மாதம் தொடர்ந்து தாமதமானால், அல்லது சொன்ன வேலையைக் கொடுக்காமல் வேறு பிரிவில் போட்டால். இவற்றில் எதுவும் நடக்காதவரை, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வரும் "தப்புப் பண்ணிட்டோமோ" என்ற நினைப்புக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை, தேதி வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.